ஆஸ்துமாவுக்கு எந்த வழி: நிவாரணி மட்டுமா, தினசரித் தடுப்பு மருந்தா, இரண்டும் கலந்த இன்ஹேலரா?

"இளைப்பு இல்லாத நாளிலும் மருந்து எடுக்கணுமா?" ஆஸ்துமா உள்ளவர்களின் கேள்விகள் எங்கே தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். எந்த இன்ஹேலர், எத்தனை வேளை, ஸ்டீராய்டு வேண்டுமா வேண்டாமா, மாத்திரை போதாதா என்பதெல்லாம் இதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்தவை. எனக்கும் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. நான் மருத்துவர் அல்ல. ஆனால் இன்று நம் முன் மூன்று வழிகள் இருக்கின்றன, அவற்றுக்கிடையே உயிர்போகும் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது, அது நோயாளிகளின் காதுக்குச் சரியாக வந்து சேரவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. இங்கே எழுதுவது பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டியவர்களுக்கும் பொருந்தும். சின்னக் குழந்தைகளின் கணக்கு வேறு. அதைக் குழந்தை மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

முதலில் நோய் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வீசிங் வரும்போது மூச்சுக்குழாயில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்சுவர் வீங்குகிறது. சளி சேர்ந்து மீதி வழியையும் அடைக்கிறது. இதில் தசை இறுகுவதுதான் நமக்கு உடனே தெரிகிற பகுதி. வீக்கம் அப்படியில்லை. மூச்சு சீராக இருக்கும் நாளிலும், மாடி ஏறினாலும் ஒன்றும் ஆகாத நாளிலும், அது உட்சுவரில் கொஞ்சமாவது இருந்துகொண்டே இருக்கும். ஒரு சளிக் காய்ச்சலோ, தூசியோ, புகையோ, குளிர்காற்றோ பட்டவுடன் தசை அப்படிச் சடாரென்று இறுகுவதற்குக் காரணமே அந்த வீக்கம்தான். அதனால் எந்த மருந்தைப் பற்றிப் பேசினாலும் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: இது தசையைத் தளர்த்துகிறதா, வீக்கத்தை ஆற்றுகிறதா?

நிவாரணி மட்டும்

பல நாடுகளில் நீல நிறத்தில் வரும் சால்புடமால் இன்ஹேலர் தசையைத் தளர்த்துவது. ஐந்து நிமிடத்துக்குள் மூச்சு இலகுவாகும். நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். நெஞ்சு அடைத்துக்கொண்டு வரும்போது இரண்டு பஃப் இழுத்து, அடைப்பு விலகுவதை அனுபவித்தவர்களுக்கு அதன் மேல் வரும் நம்பிக்கை சாதாரணமானதல்ல. சட்டைப்பையில் அது இல்லாவிட்டால் வாசலைத் தாண்ட மனம் வராது.

அந்த நம்பிக்கையில்தான் ஆபத்தும் இருக்கிறது. சால்புடமால் வீக்கத்தை ஒன்றும் செய்வதில்லை. கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்தால் தரை நனையாது, அவ்வளவுதான். ஓடு உடைந்தது உடைந்தபடியே இருக்கும். போதாததற்கு, அடிக்கடி எடுக்கும்போது தசை அந்த மருந்துக்குக் கட்டுப்படுவதும் குறைகிறது. நேற்று இரண்டு பஃபில் அடங்கியது இன்று நாலு கேட்கும்.

இதற்குக் கசப்பான வரலாறே உண்டு. நியூசிலாந்தில் 1976-க்குப் பிறகு ஆஸ்துமா மரணங்கள் திடீரென ஏறின. ஃபெனோடிரால் என்ற வீரியமான நிவாரணி அங்கே பரவலாகப் புழக்கத்துக்கு வந்த காலம் அது. 1989-ல் அதற்குக் கட்டுப்பாடு வந்ததும் மரணங்கள் சட்டெனக் குறைந்தன. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்த தேசிய அறிக்கை 2014-ல் வெளியானது. இறந்தவர்களில், எத்தனை நிவாரணி எழுதித் தரப்பட்டது என்ற பதிவு இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், 39 சதவீதம் பேருக்குக் கடைசி ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட நிவாரணி இன்ஹேலர்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. மருந்து கையில் இல்லாமல் போனவர்கள் அல்ல அவர்கள்.

ஜினா என்று அழைக்கப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 1993 முதல் இயங்கி வருகிறது. அது 2019-ல் தன் பழைய பரிந்துரையையே மாற்றியது. பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஆஸ்துமா எவ்வளவு லேசானதாக இருந்தாலும், நிவாரணியை மட்டும் கொடுத்து விட்டுவிடக் கூடாது என்பது அதன் முடிவு. "எனக்கு லேசான ஆஸ்துமாதான்" என்பவர்களுக்கும் கடுமையான தாக்குதல் வருகிறது, சிலர் இறக்கவும் செய்கிறார்கள் என்பதே அதற்குக் காரணம்.

உங்கள் நிலை எங்கே என்று பார்க்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 200 பஃப் உள்ள நிவாரணி வருடத்துக்கு மூன்று தீர்ந்தால் கடுமையான தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஜினா எச்சரிக்கிறது. மூன்று என்றால் 600 பஃப். நாளொன்றுக்கு இரண்டுகூட வரவில்லை. மாதம் ஒன்று வீதம் 12 தீர்ந்தால் அது மரண அபாயம். மருந்துக்கடை ரசீதுகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். நாம் ஞாபகத்தில் வைத்திருக்கும் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும்.

மூன்று வழிகளில் இதை நான் ஒரு தேர்வாகவே கணக்கில் எடுக்க மாட்டேன்.

தினசரித் தடுப்பு மருந்து

புடசோனைட், பெக்ளோமெத்தாசோன், ஃப்ளூட்டிகசோன் எல்லாம் இழுக்கும் ஸ்டீராய்டுகள். இவை வீக்கத்தை ஆற்றுகின்றன. இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. சில நாட்களில் இரவு இருமல் குறையும், சில வாரங்களில் நடை இலகுவாகும், முழுப் பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம். பெரும்பாலானவர்களுக்குக் குறைந்த அளவே போதும். அளவை ஏற்ற ஏற்றப் பலன் அதே வேகத்தில் ஏறுவதில்லை.

இதன் பலத்துக்கு நான் எப்போதும் சுட்டும் ஆதாரம் கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்துப் பதிவுகளை வைத்து 2000-ல் வெளியான ஆய்வு. முந்தைய ஓராண்டில் இழுக்கும் ஸ்டீராய்டு குப்பி ஒவ்வொன்று கூடுதலாகப் பயன்படுத்தியதற்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. குறைந்த அளவு மருந்துதான், தொடர்ந்து எடுத்தார்கள், அவ்வளவே.

ஆனால் ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அந்தப் பயத்தை உதாசீனப்படுத்தக் கூடாது. பயம் எந்த மருந்தின் மேல் இருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். தாக்குதல் வந்து மருத்துவமனைக்குப் போனால் கொடுக்கப்படும் ப்ரெட்னிசோலோன் மாத்திரை நாளுக்கு 40 மில்லிகிராம் அளவில், ஐந்து முதல் ஏழு நாள். அது உடம்பு முழுக்கச் சுற்றும். இன்ஹேலரில் வரும் புடசோனைட் ஒரு பஃபுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. வெவ்வேறு மருந்துகளின் எடையை நேருக்கு நேர் வைத்து வீரியத்தைச் சொல்லிவிட முடியாது என்பது உண்மை. ஆனாலும் எலும்புத் தேய்மானம், கண்புரை, சர்க்கரை நோய் என்று நாம் பயப்படும் விளைவுகள் மாத்திரை ஸ்டீராய்டோடுதான் அதிகம் சேர்ந்து வருகின்றன. வாழ்நாளில் நாலைந்து முறை அந்த மாத்திரையை எடுத்திருந்தாலே அபாயம் கூடுகிறது. இன்ஹேலரைத் தவிர்ப்பவர் ஸ்டீராய்டைத் தவிர்க்கவில்லை. தாக்குதல் வரும்போது அதைப் பெரிய அளவில் வாங்கிக்கொள்கிறார்.

இழுக்கும் ஸ்டீராய்டுக்கும் பக்கவிளைவு உண்டு. வாயில் வெள்ளைப் பூஞ்சை படியும், குரல் கரகரக்கும். இழுத்த பிறகு வாயையும் தொண்டையையும் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். குழந்தைப் பருவத்தில் தொடர்ந்து எடுத்தவர்களை வளர்ந்த பிறகு அளந்தபோது உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்ததாக 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. பெற்றோரிடம் இதை மறைக்கக் கூடாது. மூச்சு முட்டும் இரவுகளோடு வைத்து எடைபோட அவர்களுக்கே தெரியும்.

இந்த வழியின் உண்மையான பலவீனம் மருந்தில் இல்லை, மனிதனில் இருக்கிறது. நன்றாக இருக்கும்போது தினம் காலையும் மாலையும் இழுப்பது யாருக்கும் எளிதல்ல. இரண்டு வாரம் இழுப்பார்கள், மூச்சு சீராகும், "சரியாயிடுச்சு" என்று நிறுத்துவார்கள். அடுத்த சளிக்காலத்தில் கையில் நீல இன்ஹேலர் மட்டும்தான் இருக்கும். அதாவது, சீட்டில் எழுதியிருப்பது இரண்டாவது வழி. வாழ்வது முதல் வழி. இப்படி இருப்பவர்கள் மிக அதிகம்.

தேவைப்படும்போது இரண்டும் கலந்தது

இந்த மனித இயல்பைச் சண்டை போட்டு மாற்றாமல் அதோடு ஒத்துப்போவது மூன்றாவது வழி. புடசோனைடும் ஃபார்மோடிராலும் ஒரே இன்ஹேலரில் வருகின்றன. ஃபார்மோடிரால் சால்புடமால் போலவே சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும், ஆனால் சுமார் 12 மணி நேரம் நிற்கும். ஆகவே இளைப்பு வரும்போது இதையே நிவாரணியாக இழுக்கலாம். நிவாரணம் தேடி இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டீராய்டும் கூடவே உள்ளே போகிறது. வீக்கம் ஏறும் நாட்களில் இளைப்பும் ஏறும், இழுப்பதும் கூடும், ஸ்டீராய்டின் அளவு தானாகவே உயரும். யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

2018-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் இதற்கு அடித்தளம். ஒன்றில், லேசான ஆஸ்துமா உள்ளவர்களில் கலந்த இன்ஹேலரைத் தேவைக்கு எடுத்தவர்களுக்கு, நிவாரணியை மட்டும் எடுத்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல்கள் 64 சதவீதம் குறைந்தன. இன்னொன்றில், தினமும் ஸ்டீராய்டு இழுத்தவர்களோடு ஒப்பிட்டபோது கடுமையான தாக்குதல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் உள்ளே போன ஸ்டீராய்டு அவர்களுடையதில் கால்பங்குதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அன்றாட இளைப்பு, இருமல் இவற்றைக் கட்டுக்குள் வைப்பதில் தினசரி மருந்துதான் ஒரு படி மேலே நின்றது. வாரத்தில் பெரும்பாலான நாள் இளைப்பவர், இரவில் எழுபவர், "தேவைக்கு மட்டும்" என்பதில் திருப்தி அடைய முடியாது. அவர்களுக்கு அதே கலந்த இன்ஹேலரைக் காலையும் மாலையும் எடுத்து, இடையில் இளைத்தால் அதையே நிவாரணியாகவும் இழுக்கும் முறை இருக்கிறது. ஒரே இன்ஹேலர் என்பதால் எது எப்போது என்ற குழப்பம் இல்லை.

கவனிக்க வேண்டியது: எல்லாக் கலவை இன்ஹேலரும் இதற்கு ஆகாது. சால்மீடிரால் கலந்தவை வேலை செய்ய நேரம் எடுக்கும். அவற்றை நிவாரணியாக இழுக்கவே கூடாது. பெட்டியில் ஃபார்மோடிரால் என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். புடசோனைட் 200, ஃபார்மோடிரால் 6 மைக்ரோகிராம் உள்ள வகைக்கு, வழக்கமான வேளைகளையும் சேர்த்து, ஒரு நாளின் உச்சவரம்பு 12 முறை. அதை நெருங்கும் நாள் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள். எல்லா நாடுகளிலும் தேவைக்கு எடுக்கும் முறைக்கு முறையான அனுமதி இல்லை என்பதால் சில மருத்துவர்கள் தயங்குவதும் உண்டு.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. சிலருக்கு மூச்சுக்குழாய் பாதி அடைத்திருந்தாலும் இளைப்பே தெரியாது. இளைப்பை நம்பி மருந்து எடுக்கும் முறை அவர்களுக்குச் சரிவராது. தினசரி மருந்தும், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளந்து காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வீட்டில் இருப்பதும்தான் பாதுகாப்பு. தங்களுடைய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை, 50-க்குக் கீழே என்றால் அவசரம்.

மாத்திரை, ஆவி, மூச்சுப் பயிற்சி

இன்ஹேலருக்குப் பதிலாக மாத்திரை கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மான்டெலுகாஸ்ட் ஒவ்வாமை மூக்கடைப்பும் சேர்ந்து உள்ளவர்களுக்குக் கொஞ்சம் உதவும். ஆனால் தாக்குதலைத் தடுப்பதில் இழுக்கும் ஸ்டீராய்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது. அது மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதற்குச் சேர்த்தது. சால்புடமால் மாத்திரையும் சிரப்பும் தாமதமாக வேலை செய்யும், படபடப்பையும் கைநடுக்கத்தையும் அதிகம் கொடுக்கும். ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம். ஆஸ்துமாவுக்குப் பயன் இல்லை, வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. மூச்சுப் பயிற்சி பதற்றத்தைக் குறைத்து அன்றாட வாழ்வை இலகுவாக்கும், செய்யுங்கள். வீக்கம் அதனால் ஆறாது, ஆகவே மருந்தின் இடத்தில் அதை வைக்க முடியாது.

எந்தக் கருவி

இதை மருத்துவர்கள் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் பாதி சிகிச்சை இங்கேதான் கெடுகிறது.

1956 முதல் இருக்கும் அழுத்தக் குப்பி இன்ஹேலரை எடுத்துக்கொள்ளுங்கள். குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். உதடுகளால் இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கிய அதே கணத்தில் அழுத்தி, நாலைந்து விநாடி இழுத்துக்கொண்டே போய், பத்து விநாடி அடக்க வேண்டும். அழுத்துவது அரை விநாடி முந்தினால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் அடித்து நிற்கும். கண்ணாடி முன் நின்று செய்து பாருங்கள்: உதட்டோரத்திலோ மூக்கிலோ புகை போல வெளியே வந்தால் அந்தப் பஃப் வீண். இன்னொரு விஷயம், எண்ணிக்கை காட்டும் முகப்பு இல்லாத குப்பி, மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயுவை மட்டும் பீய்ச்சிக்கொண்டிருக்கும். சத்தம் வரும், ஈரம் வரும், மருந்து இருக்காது. தொடங்கிய தேதியைக் குப்பியின் மேல் எழுதி வைத்துக் கணக்குப் பார்ப்பதே வழி.

ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் அறை இந்தச் சிக்கலில் பெரும்பகுதியைத் தீர்க்கிறது. ஒரு பஃப் அழுத்தி, அறையில் நிற்கும் மருந்தை நிதானமாக இழுத்தால் போதும். கை-மூச்சு ஒத்திசைவு தேவையில்லை, தொண்டையில் படிவதும் குறையும். இரண்டு மூன்று பஃபை ஒன்றாக அடித்து இழுக்கக் கூடாது, ஒவ்வொன்றாகத்தான். கழுவுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் தானாக உலர விட வேண்டும். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பொடி இன்ஹேலருக்கு எல்லாம் நேர்மாறு. அங்கே வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். உங்கள் மூச்சுதான் பொடியை உடைத்து உள்ளே கொண்டுபோகிறது. கருவிக்குள் ஊதிவிட்டால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். உந்துவாயு கிடையாது என்பதால் சுற்றுச்சூழலுக்கும் இதமானது. ஆனால் சின்னக் குழந்தைகளுக்கும் தளர்ந்த முதியவர்களுக்கும் அந்த வேகம் வராமல் போகலாம். ஒருவரிடம் குப்பி ஒன்றும் பொடி ஒன்றும் இருந்தால் மெதுவாக இழுப்பதும் வேகமாக இழுப்பதும் மாறிப்போவது சகஜம். முடிந்தவரை எல்லா மருந்தும் ஒரே வகைக் கருவியில் வரும்படி கேளுங்கள்.

நெபுலைசர்? வீட்டில் ஒன்று இருந்தால் தெம்பு என்று பலர் வாங்குகிறார்கள். பெரும்பாலான தாக்குதல்களில் ஸ்பேசரோடு கூடிய குப்பி, நெபுலைசருக்குச் சமமாகவே வேலை செய்கிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நெபுலைசரின் புகையும் இரைச்சலும் ஒரு நம்பிக்கையைத் தரும். அதை நம்பி வீட்டிலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்து மருத்துவமனைக்குத் தாமதமாகப் போவதுதான் என் பயம். கருவியைச் சரியாகக் கழுவாவிட்டால் கிருமியும் சேரும்.

அப்படியானால் யாருக்கு எது

கடந்த நாலு வாரத்தை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் பகலில் இளைத்ததா? ஓர் இரவாவது இருமலிலோ இளைப்பிலோ விழித்தீர்களா? வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நிவாரணி தேவைப்பட்டதா? செய்ய நினைத்த வேலை எதையாவது மூச்சுக்காக விட்டீர்களா? எதற்கும் "ஆம்" இல்லை, எப்போதாவதுதான் வருகிறது என்றால், தேவைக்கு எடுக்கும் கலந்த இன்ஹேலர்தான் என் தேர்வு. தினசரி மருந்தை நீங்கள் எடுக்கப்போவதில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்போது, அதைச் சீட்டில் எழுதி வாங்கி வருவதில் என்ன லாபம்? ஒன்று இரண்டுக்கு "ஆம்" வந்தால், தினமும் எடுக்கும் மருந்து வேண்டும். அதிலும் ஒரே கலந்த இன்ஹேலரைத் தினசரிக்கும் நிவாரணத்துக்கும் வைப்பதை நான் முதலில் கேட்பேன். பல் துலக்குவது போல ஒரு நாளும் தவறாமல் எடுக்கும் ஒழுங்கு உள்ளவர்களும், இளைப்பு தெரியாதவர்களும் ஸ்டீராய்டைத் தினசரி தனியாக எடுத்து நிவாரணியைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஃபார்மோடிரால் கலந்தது கிடைக்காத இடத்திலும் ஒரு வழி உண்டு. சால்புடமால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் கூடவே ஸ்டீராய்டு இன்ஹேலரையும் இழுப்பதை ஜினா ஏற்கிறது. இரண்டையும் ஒரே பையில் வைத்திருங்கள். பிரித்து வைத்தால் ஒன்று வீட்டில் தங்கிவிடும். இதைத் தொடங்கும் முன்னும் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த வழியில் இருந்தாலும், ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, நிவாரணியின் பலன் மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் அடுத்த பஃபுக்குக் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். போகும் வழியிலும் இழுத்துக்கொண்டே போகலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னால் இழுத்துக் காட்டுங்கள். பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரை, கண் அழுத்தச் சொட்டு மருந்து, ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணி எடுக்கிறீர்களானால் அதையும் சொல்லுங்கள். இவை சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். கருவுற்றிருந்தால் பயந்து மருந்தை நிறுத்தாதீர்கள், கட்டுப்பாடு இல்லாத ஆஸ்துமாதான் தாய்க்கும் சிசுவுக்கும் கெடுதல். இரண்டு மூன்று மாதம் இளைப்பே இல்லாமல் ஓடினால் அளவைக் குறைக்கலாமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அப்போதும் சளிக்காலத்தையும் நெடும்பயணத்தையும் தவிர்த்து, படிப்படியாகக் குறைப்பார்கள். தினசரியிலிருந்து "தேவைக்கு மட்டும்" என்ற இடம் வரை இறங்கலாம். அந்த இன்ஹேலரிலும் ஸ்டீராய்டு இருக்க வேண்டும்.